அப்பா பிரேக் மாற்றிய நாள்

எங்கள் அப்பாவுக்கு பிரேக் என்றாலே இளக்காரம். டிராக்டர் ஓட்டிப் பழகிவிட்டுக் காருக்கு வந்தவர். பிரேக் என்பது வண்டி ஓட்டத் தெரியாதவர்களுக்காக வைத்தது என்பது அவருடைய கட்சி. கர்நாடகத்தில் எங்கள் ஊரான ராமாபுரத்திலிருந்து ஹனூர் போகும் சாலையில் எங்கள் சின்ன வெள்ளைக் கார் வந்தால் ஆடுகள்கூடத் தாமாக ஒதுங்கிக்கொள்ளும். அம்மா கதவுப் பிடியை இறங்கும்வரை விட மாட்டார். மெதுவாகப் போங்கள் என்று சொன்னால் அப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் வேகம் வந்துவிடும்.

அம்மாவுக்கு வயிற்றில் கட்டி வந்து, மைசூரில் ஆபரேஷன் ஆனபிறகு எல்லாம் தலைகீழாயிற்று. கார் குலுங்கினால் அம்மாவுக்குத் தாங்காது. எங்கள் பக்கத்துச் சாலைகளிலோ ஊருக்கு ஊர் வேகத்தடைகள். பாதிக்கு வெள்ளைக்கோடுகூட இருக்காது. அதனால் சிகிச்சைக்குப் போகும்போதெல்லாம் அப்பா பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே மாட்டார். வழிநெடுக லேசாக அழுத்தியபடியே ஓட்டுவார். ஒருமுறை கரும்பு ஏற்றிய டிராக்டர் எங்களை முந்திப் போனது. அதன் மேலே உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அப்பா கண்டுகொள்ளவில்லை. எனக்குத்தான் மானம் போயிற்று.

அந்த தசரா விடுமுறையில் அம்மா மறுபடியும் மைசூர் ஆஸ்பத்திரியில் இருந்தார். நானும் கூடப் போயிருந்தேன். நாளைக்கு வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டதாக அப்பா வந்து சொன்னார். வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்றால் நோய் தீர்ந்துவிட்டது என்றுதானே அர்த்தம்? நாலாவது படிக்கிற எனக்கு அப்படித்தான் பட்டது. ஊரெல்லாம் விளக்குத் தோரணம் கட்டியிருந்தார்கள். அதைக் காட்டக் கூட்டிப் போவார் என்று பார்த்தால், அப்பா என்னை ஏற்றிக்கொண்டு நேராக ஒரு மெக்கானிக்கிடம் போய் நின்றார். சில நாட்களாகவே பிரேக்கை மிதித்தால் இரும்பும் இரும்பும் உரசுகிற சத்தம் வந்துகொண்டிருந்தது.

மெக்கானிக்கின் குடும்பம் பிழைப்புக்காகச் சேலம் பக்கமிருந்து வந்தது. பாதித் தமிழும் பாதிக் கன்னடமுமாகப் பேசுவார். முன்சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். பிரேக் பேடு வெறும் தகடாகத் தேய்ந்திருந்தது. அது கவ்விப் பிடிக்கிற வட்டமான டிஸ்க் சூட்டில் நீலம் பாரித்து, வரி வரியாகக் கீறல் விழுந்திருந்தது.

“யார் சார் இந்த வண்டிய ஓட்டறது? புதுசா கத்துக்கறாங்களா? பிரேக் மேலயே கால வெச்சு ஓட்டியிருக்காங்க.”

“நான்தானுங்க” என்றார் அப்பா.

வேறொரு நாளாக இருந்தால் அந்தப் பேச்சுக்கே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பார். அன்று தலையைக் குனிந்துகொண்டு நின்றார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மெக்கானிக் நியாயமான ஆள். பேடை மாற்றித்தான் ஆக வேண்டும், டிஸ்க்கை வேண்டுமானால் பிறகு மாற்றலாம் என்றார். பின்சக்கரத்து பிரேக் ஷூவில் இன்னும் பாதி இருக்கிறது, அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“டிஸ்க்க மாத்தாட்டி வண்டி உதறுமாங்க?”

“பிரேக் புடிக்கறப்ப ஸ்வல்ப உதறும் சார். டேஞ்சர் ஒண்ணும் இல்ல.”

“அப்ப எல்லாத்தையும் மாத்திப்போடுங்க. பின்னாடியும்.”

கத்தரிக்காய் வாங்குவதற்கே சந்தையை இரண்டு சுற்று சுற்றுகிற மனிதர் அவர். அம்மா குணமான சந்தோஷத்தில் தாராளமாகிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். வேலை முடிய மாலையாகிவிட்டது. கொஞ்ச நாளைக்கு அழுத்தி மிதிக்காமல் பார்த்து ஓட்டச் சொன்னார் மெக்கானிக். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே, “இனி மூணு வருசத்துக்கு நீங்க இந்தப் பக்கம் வர்ற வேலையே இல்ல சார்” என்றார். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார். தை பிறப்பதற்குள் அம்மா போய்விட்டார். அதற்குப் பிறகுதான் எனக்கு இது தெரிந்தது. ஒரே ஒரு பயணத்துக்காக அப்பா அத்தனையையும் மாற்றினார். இப்போது மைசூரில் நானே கார் ஓட்டுகிறேன். வேகத்தடையைப் பார்த்துக் காலை பிரேக்குக்குக் கொண்டுபோகும்போது சில நாள் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்.

பிரேக் மாற்றிய மறுநாள் அம்மாவைப் பின்சீட்டில் தலையணைகள் அடுக்கிச் சாய்த்து உட்கார வைத்தோம். நான் பக்கத்தில் ஒடுங்கிக்கொண்டேன். வேகத்தடைகள் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. கொள்ளேகால் தாண்டியதும் அம்மா கண்ணை மூடியபடியே, “வண்டி இன்னிக்கு அலுங்காமப் போகுது” என்றார். அந்தப் பெருமையை அப்பாவுக்கு மட்டும் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

“பிரேக்கெல்லாம் புதுசும்மா. இனி மூணு வருசத்துக்கு மைசூருக்கு வர்ற வேலையே இல்லைன்னு மெக்கானிக் சொல்லிட்டாரு.”

அம்மா கண்ணைத் திறந்தார். முன்னாலிருந்த கண்ணாடியில் அப்பாவின் முகத்தைத் தேடினார். பிறகு என் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டார்.

“நல்லதாப் போச்சு கண்ணு. உங்கப்பா அலைஞ்சது போதும்.”

அப்பா காரை ஓரம் கட்டினார். நின்றது தெரியாமல் நின்றது. ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு வெகுநேரம் குனிந்தே இருந்தார். புது பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்று கீழே பார்க்கிறார் போலிருக்கிறது என்று நானும் சீட்டுக்கு நடுவே எட்டிப் பார்த்தேன்.