புரட்டாசியில் பிரிக்காத மாத்திரை அட்டை

“நாலு எழுத்து படிச்சிட்டா நீ டாக்டராம்மா?” என்று, மாத்திரை சாப்பிடச் சொன்ன என்னிடம் அப்பா கேட்டார்.

மலேசியாவில் சுவா பக்கம், எங்கள் செம்பனைத் தோட்டத்து வீட்டில் அன்று புரட்டாசிச் சனிக்கிழமை. மாதத் தொடக்கத்தில் நான் வாங்கி வைத்த அவருடைய மாத்திரை அட்டை பிரிக்கப்படாமல் அலமாரியிலேயே கிடந்தது.

போன வருடம் அவருக்கு இதயக் குழாயில் அடைப்பு வந்தது. ஒரு மருந்தால் கொழுப்பு போதிய அளவு இறங்காததால், இரண்டு மருந்துகள் சேர்ந்த ஒரே மாத்திரையை டாக்டர் கொடுத்திருந்தார். அதை விட்டால் மறுபடியும் அடைத்துக்கொள்ளும் என்று பயந்தேன். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிப் படிப்பை முடித்தவள் நான். பயத்தை வாய்க்குள் வைத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

“ஏன்பா சாப்பிடல?”

“கறி, மீன், முட்டை எதுவும் தொடல. கொழுப்பு எங்கேருந்து வரும்? மாத்திரையும் விரதம் இருக்கட்டும் லா.”

அடுப்படியில் அம்மா சிரித்தார். எங்கள் தோட்டத்தில் இப்படி நினைப்பவர் அப்பா ஒருவர் மட்டுமல்ல.

அப்பா செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை பார்த்தவர். அவருக்கு விளக்க அந்த ஆலையையே பிடித்துக்கொண்டேன்.

“வெளித்தோட்டத்து லோரி வராட்டி மில்லு நின்னுடுமா?”

“எப்படி நிக்கும்? நம்ம தோட்டத்துப் பழம் வருதே.”

“ஈரலும் அப்படித்தான். நீங்க கறி தின்னாட்டியும் அது தானாவே கொழுப்பு செய்யும். மாத்திரையில ஒரு மருந்து அதைக் குறைக்கும். இன்னொண்ணு குடல் வழியா ஏறுறதைத் தடுக்கும்.”

“ஒருத்தன் உள்ள வேலையைக் குறைக்கச் சொல்ற மண்டோர், இன்னொருத்தன் கேட்டுல காவல் நிக்கிற ஜாகா.”

“ரெண்டு பேருக்கும் நீங்க லீவு குடுத்துட்டீங்க.”

“வாய்க்கு மட்டும் குறைச்சலில்ல,” என்றவர் அட்டையை எடுத்தார். கிளினிக்குக்குப் போன் செய்தேன். விட்டதற்கெல்லாம் சேர்த்து விழுங்க வேண்டாம், இன்றிலிருந்து வழக்கம்போல ஒன்று போதும் என்றார்கள்.

தண்ணீரோடு அதை விழுங்கிவிட்டு அப்பா யோசித்தார். “எங்கப்பா ஒல்லிக்குச்சி. கறி தின்ன வழியில்லாத காலம். அவரும் நெஞ்சு வலியிலதான் போனாரு. அப்ப அவரு ஈரலும் இப்படித்தானா?”

“இருக்கலாம்பா.”

அவர் என்னையே பார்த்தார். என் ஈரலும் அப்படித்தானா என்று அவர் கேட்க வந்தது எனக்குப் புரிந்தது.

திங்கட்கிழமை காலை வெறும் வயிற்றோடு பாரோயில் உள்ள கிளினிக்குக்குப் போய், என் இரத்தத்தையும் கொழுப்புப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.