சீல் வைத்த பொட்டி

செங்கல்பட்டு ஸ்டேஷனில் டீ வாங்கப் போகும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் என் பையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். நரைத்த மீசை, கஞ்சி போட்ட சட்டை, மடியில் பூட்டுப் போட்ட ரெக்சின் பை.

"தொறந்து காட்டு சார். உள்ள இன்னா கீதுன்னு பாக்காம பொறுப்பு எடுத்துக்க மாட்டேன்."

எரிச்சலோடு திறந்தேன். டிபன் பாக்ஸ், குடை, லுங்கி என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். திரும்பி வந்ததும், எல்லாம் சரியாக இருக்கிறது என்று என் வாயால் சொன்ன பிறகுதான் பையைக் கொடுத்தார்.

"நேவி கப்பல்ல ஸ்டோர் பாத்தவன் சார் நான். ஒரு தபா ஸ்டோர் சார்ஜ் ஒருத்தன்கிட்டேந்து இன்னொருத்தனுக்கு மாத்தறப்போ, சிநேகிதன்தானேன்னு சீல் வெச்ச பொட்டி ஒண்ணு தொறக்காமலே கை மாறிடுச்சி. நடுக்கடல்ல பம்பு நின்னு போச்சி, தண்ணி உள்ள ஏறுது. ஸ்பேர் எடுக்கப் பொட்டியத் தொறந்தா, உள்ள செங்கல்லு!"

"அப்புறம்?"

"கப்பல் எப்படியோ கரை சேந்துச்சி. சிநேகிதம் போச்சி."

சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்தார்.

"பைய வெச்சிட்டுப் போங்க சார், நான் பாத்துக்கறேன். ஆனா தொறந்து காட்டணும்" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டே போனார். ரயில் வந்ததும் வேறு கம்பார்ட்மெண்டில் ஏறிக்கொண்டார்.

ஏமாந்து பெட்டியை வாங்கியவர் அவர் என்றுதான் கேட்கும்போது நினைத்தேன். கொடுத்தவராகவும் இருக்கலாம் என்று இப்போது படுகிறது.