மூச்சை வெட்ட வேண்டாம்

மொனிட்டர் டெஸ்க்கில் நிற்பவரை மண்டபத்தில் ஒருவருக்கும் தெரியாது. சனங்கள் கேட்கும் சத்தத்தைக் கலப்பவர் வேறொருவர். நாங்கள் மேடை ஓரத்தில் திரைக்குப் பின்னால் நின்று, பாடுகிறவரின் காதுக்குள் போவதை மட்டும் கலப்போம். நன்றாகச் செய்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். பிழைத்தால் பாடகர் அத்தனை பேர் முன்னாலும் திரும்பி முறைப்பார். அந்த முறைப்புகளை வாங்கியே லண்டனில் என் உத்தியோகம் முடிந்தது. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்கிறார்கள் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

1. முதல் நாள்

தென் லண்டனில் ஒரு பழைய சிறிய மண்டபம். கொரியாவிலிருந்து ஒரு அண்ணனும் தங்கையும் பாட வந்தார்கள். உண்மைப் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் உங்கள் வீட்டுப் பிள்ளைகளே படத்தைக் காட்டுவார்கள். அண்ணன் மின், தங்கை சோரா என்று வைத்துக்கொள்வோம்.

வந்தவர்கள் உடனே மேடையில் ஏறவில்லை. முதலில் வேலை செய்கிற ஒவ்வொருவரிடமும் போய், குனிந்து வணங்கி, பெயர் கேட்டார்கள். வாசலில் நின்ற செக்யூரிட்டிக்கும் அதே வணக்கம். அந்த மனுசன் தன்னை யாரோ பெரிய ஆளென்று நினைத்துவிட்டார்களோ என்று பயந்து போனார். 'வதனி' என்ற என் பெயரைச் சோரா சரியாக வரும்வரை சொல்லிப் பார்த்தாள். அதுவரை எந்தப் பாடகரும் என் பெயருக்காக இவ்வளவு பாடுபட்டதில்லை.

சவுண்ட் செக் என்றால் எல்லாப் பாடகர்களும் கேட்பது ஒன்றுதான்: என் குரலைக் கூட்டு, இன்னும் கூட்டு. இவர்கள் இரண்டு பேரும் மற்றவரின் குரலைக் கூட்டச் சொன்னார்கள். தன் குரல் கொஞ்சம் போதும், தான் என்ன பாடுகிறான் என்பது தனக்குத் தெரியும்தானே என்றான் மின். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு சோரா கையை உயர்த்தினாள். மூச்சுச் சத்தமும் சின்னச் சின்ன இரைச்சலும் காதுக்குள் போகாமல் வெட்டுவதற்கு 'கேட்' என்று ஒன்று போடுவோம். வழமைபோல நானும் போட்டிருந்தேன்.

"ஒப்பாவின் மூச்சு எங்கே?" என்று கேட்டாள். ஒப்பா என்றால் எங்கள் அண்ணை மாதிரி.

கேட்டை எடுத்துவிட்டேன். அன்று பின்னேரம் நான் கொண்டுபோன மட்டன் ரோல்ஸைச் சாப்பிட்டுக்கொண்டே காரணத்தைச் சொன்னாள். சிறு வயதில் இருவருக்கும் ஒரே அறை. நடுவில் ஒரு அலுமாரியை நிறுத்தி இரண்டாகப் பிரித்திருந்தார்களாம். அலுமாரிக்கு இந்தப் பக்கம் இவள், அந்தப் பக்கம் அவன். முகம் தெரியாது. அவன் மூச்சை இழுக்கும் சத்தத்தை வைத்துத்தான் இவள் பாட்டைத் தொடங்குவாள். பெரிய பாடகியான பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

2. வளர்ச்சி

அதற்குப் பிறகு அவர்கள் எங்கேயோ போய்விட்டார்கள். பெரிய மண்டபங்கள், பெரிய லைட், கூடவே ஒரு படை. ஆனால் லண்டனுக்கு வரும்போதெல்லாம் மொனிட்டருக்கு வதனியைக் கேட்டார்கள். ஒரு முறை பனி கொட்டி ட்ராம் நின்றுபோய், விம்பிள்டன் ஸ்டேஷன்வரை நடந்தே போய் ரயில் பிடித்தேன். விறைத்த கையோடு வந்த என்னைப் பார்த்துவிட்டு, மின் தன் கோட்டுக்குள் வைத்திருந்த சூட்டுப் பையை எடுத்து என் கையில் திணித்தான். கிட்டார் வாசிக்கிற கை அவனுடையது, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ஃபேடரைத் தள்ளுகிற கைதான் என்னுடையது. அதை நான் மறக்கவில்லை.

3. அந்த ஞாயிறு

ஒரு சுற்றுப்பயணத்தின் கடைசி நிகழ்ச்சி எங்கள் லண்டனில். அன்று அண்ணனும் தங்கையும் வேறு வேறு காரில் வந்தார்கள். என்னை வழக்கம்போல வணங்கினார்கள், ஆனால் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. விசயம் இதுதான். தங்கையைத் தனியாகப் பாடவைக்க அவர்களுடைய கம்பெனி விரும்பியது, அவளும் சம்மதித்துவிட்டாள். அதை மின் வேறு யாரோ சொல்லித்தான் அறிந்தான். இந்த நிகழ்ச்சியோடு ஜோடி பிரிகிறது என்று அவர்களுடைய மேனேஜர் எங்கள் காதில் போட்டு வைத்தார்.

சவுண்ட் செக்கில் மேனேஜர் என்னிடம் வந்தார். அவள் காதில் அவன் குரல் வேண்டாமாம். கொஞ்சம் கழித்துத் திரும்பி வந்தார். அவன் காதிலும் அவள் குரல் வேண்டாமாம்.

எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜர் முரளி சென்னைக்காரர். அவரிடம் போய்ச் சொன்னேன்.

"கேட்டதைக் குடுங்க வதனி. அவங்க வீட்டுச் சண்டையைத் தீர்க்க நம்ம டெஸ்க்ல பட்டன் கிடையாது" என்றார்.

"ஓம் முரளி, ம்யூட் பண்ணுறன். ஆனா ஃபேடரை இறக்க மாட்டன்" என்றேன்.

இரண்டும் ஒன்றல்ல. ஃபேடரை இறக்கினால் பழைய அளவு போய்விடும். ம்யூட் என்பது சத்தத்தை அடைக்கிற பட்டன், அதை இன்னொரு தரம் அமத்தினால் போதும், எல்லாம் இருந்தபடியே திரும்பி வரும். எனக்கு ஸ்ட்ரெதமில் ஒரு அண்ணை இருக்கிறார். நாங்கள் கோபித்துக்கொண்டால் கதைக்க மாட்டோம், ஆனால் கறி மட்டும் டப்பாவில் போய்வந்துகொண்டிருக்கும். அதனால் இந்தக் கோபம் எனக்குப் புதிதில்லை. நிகழ்ச்சிக்கு முன் மின் மேடைக்கு வந்து, தங்கையின் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் தளர்த்தி, அவளுடைய மைக்குக்குக் கீழே வைத்துவிட்டுப் போனான். எப்போதும் அவன்தான் வைப்பான். அதைப் பார்த்த பிறகு என் விரலை அந்தப் பட்டன்களுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன்.

முதல் பாட்டுகள் டிரம்ஸோடு எப்படியோ ஓடின. பிறகு அவர்களை ஊருக்கெல்லாம் தெரியவைத்த அந்த மெதுவான பாட்டு வந்தது. அதை இரண்டு ஸ்டூல்களில் முதுகோடு முதுகாக உட்கார்ந்து பாடுவார்கள். பழைய அலுமாரியின் ஞாபகம். மின் கிட்டாரில் பல தந்திகளை ஒன்றாக, ஒரே ஒரு கோர்ட் தட்டுவான். அது அடங்கியதும் மூச்சை இழுப்பான். அந்த மூச்சில் இருவரும் ஒன்றாகத் தொடங்குவார்கள். கோபத்தில் குரலை வெட்டச் சொன்னவர்கள், மூச்சும் அதோடு போகும் என்பதை யோசிக்கவில்லை.

கோர்ட் வந்தது, அடங்கியது. மின் மூச்சை இழுத்துத் தொடங்கினான். சோரா தொடங்கவில்லை. அவன் தனியாக ஒரு வரி போய் நிறுத்திவிட்டான். என் விரல் பட்டனுக்கு மேலே நின்றது. பாடகர் கேட்காமல் காதில் எதையும் மாற்றக் கூடாது, அது எங்கள் தொழிலின் சட்டம்.

சோரா ஒரு காதிலிருந்து இயர்பீஸை உருவினாள். மண்டபத்துச் சத்தம் மேடைக்குப் பிந்தித்தான் வரும், அதை நம்பிப் பாட ஏலாது. அவளுக்கும் அது தெரியும். இயர்பீஸைத் திரும்ப மாட்டிக்கொண்டு என் பக்கம் பார்த்தாள். தன் காதைத் தொட்டாள். பிறகு பெருவிரலால் முதுகுக்குப் பின்னால் இருந்தவனைக் காட்டினாள்.

பட்டனை அமத்தினேன்.

மின்னுடைய இரண்டு கையும் கிட்டாரில். அவனால் சைகை காட்ட முடியாது. அவன் காதுக்கு மட்டும் கேட்கும் மைக்கில் கேட்டேன்: "தங்கச்சியின் குரலை விடவா?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஓமென்று தலையை ஆட்டினான். மற்றப் பட்டனையும் அமத்தினேன்.

மீண்டும் அந்தக் கோர்ட். மீண்டும் மூச்சு. இந்த முறை இரண்டு குரலும் ஒன்றாக எழும்பின. முரளி எனக்குப் பின்னால் வந்து நின்றதுகூட எனக்குத் தெரியவில்லை. "பட்டன் இருக்கு போலயே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நிகழ்ச்சி முடிந்து அவர்கள் ஒரே காரில் போனார்கள். சோரா பிறகு தனியாகவும் பாடினாள், அந்தப் பாட்டுகளை எழுதியது மின். ஜோடி பிரியவில்லை. அதற்கு நான்தான் காரணம் என்று சொல்ல வரவில்லை. அவர்கள் திரும்பிப் பார்த்தபோது அங்கே நிற்க எனக்குக் கொடுத்து வைத்திருந்தது, அவ்வளவுதான்.

4. போன வருடம்

நான் ஓய்வு பெற்ற பிறகு, போன வருடம் அவர்கள் லண்டனின் மிகப் பெரிய அரங்கம் ஒன்றுக்கு வந்தார்கள். இப்போது அவர்களுக்குச் சொந்தமாக மொனிட்டர் இஞ்சினியர் இருக்கிறார், கொரியாக்காரர். என்னை விருந்தாளியாக அழைத்து அவருடைய டெஸ்க்குக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டிருந்தார்கள். ரோல்ஸ் கொண்டுவரச் சொல்லியும் செய்தி வந்திருந்தது.

பழக்கதோசம், என் கண் டெஸ்க்குக்குத்தான் போனது. அண்ணன் தங்கை குரல்களுக்குரிய இரண்டு ம்யூட் பட்டன்களைக் கறுப்பு டேப்பால் மூடி ஒட்டியிருந்தார்கள். உடைந்துவிட்டதா என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். நாங்களே வந்து கேட்டாலும் இந்த இரண்டையும் அமத்தாதே என்று" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: கேட்டதைக் கொடுங்கள், ஆனால் பழைய அளவை அழித்துவிடாதீர்கள். கோபத்தில் கேட்பவர்களுக்குத் திரும்பி வர அது வேண்டும். இதை நான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, அவர்களிடம்தான் படித்தேன்.

விளக்குகள் அணைந்தன. இஞ்சினியர் தன்னுடைய இன்னொரு ஹெட்போனை என்னிடம் தந்தார். ஸ்டூல்கள் இரண்டும் முதுகோடு முதுகாக இருந்தன. கோர்ட் வந்து அடங்கியது. பிறகு மின்னுடைய மூச்சு, கொஞ்சமும் வெட்டுப்படாமல், என் காதுக்கும் வந்தது.