அம்பு ஒட்டாத தாள்கள்

மெஷின் எண்ணெயும் புதுத் துணியின் கஞ்சியும் கலந்த ஒரு வாசனை சாயங்காலம் ஏழு மணிக்கு எங்கள் வீட்டுக்குள் அக்காவுக்கு முன்னால் நுழையும். பின்னாலேயே அக்கா வருவாள். தலைமுடியில் அங்கங்கே வெள்ளை நூல் துணுக்குகள் ஒட்டியிருக்க, டிபன் பையிலிருந்து சுருட்டி வைத்த தாள்களை எடுத்துக் கட்டிலின் மேல் போடுவாள். அவை நோட்டுப் புத்தகத் தாள்களைப் போலச் சதுரமாக இருக்காது. ஒன்று சட்டைக் காலர் போல வளைந்திருக்கும், இன்னொன்று கை போல மேலே அகன்று கீழே குறுகியிருக்கும். துணியின் மேல் விரித்து, அதில் போட்ட கோட்டின் மேலேயே கத்தியை ஓட்டி வெட்டுவார்களாம். வெட்டி முடித்தபின் குப்பைக்குப் போகிற தாள்கள் அவை. அந்தக் காலர்களிலும் கைகளிலும்தான் என் அக்கா செல்வி இங்கிலீஷில் பிழையில்லாமல் எழுதக் கற்றுக்கொண்டாள், அல்லது கற்றுக்கொண்டதாக நம்பினாள். அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது ஆறாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த நான்.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு. மர்ஃபி டவுனில் ஒற்றை அறையும் ஒரு சமையல் மூலையும் கொண்ட வீடு. அப்பா இறந்த வருடம் அக்கா தமிழ் மீடியத்தில் பத்தாவது முடித்திருந்தாள். அதோடு படிப்பை நிறுத்தி "கார்மென்ட்ஸு"க்குப் போனாள். அவள் போனதால்தான் நான் இங்கிலீஷ் மீடியத்தில் தொடர்ந்து படித்தேன். இதை வீட்டில் யாரும் என்னிடம் சொல்லிக்காட்டியது இல்லை. ஆனால் எனக்குத் தெரியும்.

அம்மா இந்திரா நகரில் ஒரு வீட்டில் சமையல் வேலை பார்த்தார். அந்த வீட்டு அம்மாள்தான் ஒருநாள், தெரிந்த ஒரு நர்சிங் ஹோமில் முன்னால் உட்கார்ந்து டெலிபோன் எடுக்க ஒரு பெண் வேண்டும், இங்கிலீஷில் நாலு வார்த்தை தப்பில்லாமல் எழுதவும் பேசவும் வந்தால் போதும், ஒரு மாதம் கழித்து வந்து பார்க்கட்டும் என்று சொல்லி அனுப்பினார். அதே சமயம் ஆனேக்கல்லில் இருந்து அக்காவைப் பெண் கேட்டு வந்தவர்களும் பதிலுக்குக் காத்திருந்தார்கள். அம்மா கறாராகச் சொல்லிவிட்டார்: "அந்த வேல கெடச்சா கல்யாணத்த ரெண்டு வருஷம் தள்ளிப் போடலாம். கெடைக்கலன்னா ஆனேக்கல்காரங்களுக்கு சரின்னு சொல்லிடுவேன். அப்புறம் மூஞ்சத் தூக்கி வெச்சுக்கக் கூடாது."

அக்காவுக்கு அப்போது பத்தொன்பது வயது. மாப்பிள்ளை பிடிக்கவில்லை என்று அவள் சொல்லவில்லை. "ஒரு ரெண்டு வருஷம் உக்காந்து வேல பாக்கணும் பாப்பா. காலு ரெண்டும் என்னுது மாதிரியே இல்ல" என்றுதான் என்னிடம் சொன்னாள். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்தரை வரை நின்றுகொண்டே பார்க்கும் வேலை அவளுடையது.

இங்கிலீஷ் வார்த்தைகள் அவளுக்கு ஓரளவு தெரிந்திருந்தன. எழுவாயும் வினையும் ஒத்துப்போக வேண்டிய இடத்தில்தான் தடுக்கி விழுவாள். 'ஷி கோ' என்பாள், 'தே கோஸ்' என்பாள். திருத்தினால், "நெறைய பேரு இருந்தாத்தானே 'ஸ்' சேரணும்? ஒத்த ஆளுக்கு எதுக்கு அது?" என்று கேட்பாள். எங்கள் மிஸ் அப்படித்தான் சொன்னார்கள் என்பேன். 'டாக்டர் ஆர் கம்மிங்' என்று எழுதுவாள். ஒருவர்தானே, 'இஸ்' போடு என்றால், "போ பாப்பா, அவ்ளோ பெரியவங்கள 'வரான்'னு சொல்ற மாதிரி இருக்குது" என்று பேனாவை வைத்துவிடுவாள். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். அவளும் சிரிப்பாள்.

அவளுக்குக் கம்பெனியில் "செக்கிங்" வேலை. தைத்து வரும் சட்டையைத் திருப்பிப் பார்த்து, தையல் விட்ட இடத்தில், பொத்தான் கோணலாக உள்ள இடத்தில், நகக்கண் அளவுள்ள ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். திரும்பிப் போவது "ஆல்டர் பீஸ்". அம்பே ஒட்டாதது "பாஸ்". மிஞ்சிப்போன அம்பு ரோல் ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். பத்து வாக்கியம் எழுதுவாள், தப்பு இருக்கும் இடத்தில் நான் அம்பு ஒட்ட வேண்டும். "பாவம் பாத்து வுட்டுடாத. கெட்ட பீஸ பாஸ் பண்ணிட்டா அது பாக்ஸுல போயி கப்பல் ஏறிடும். அப்புறம் யாராலயும் பிரிச்சுத் தைக்க முடியாது" என்று முதல் நாளே சொல்லி வைத்தாள். ஒருநாள் முழுக்க ஆல்டர் இல்லாமல் போனால் சூபர்வைசர் அந்த லைனில் இருப்பவர்களுக்கெல்லாம் டீ வாங்கித் தருவாராம். அதே வழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்தாள். ஒரு அம்பும் ஒட்டாத நாளில் எனக்குத் தெருமுனை வண்டியில் ஒரு தட்டு மசாலா பூரி.

முதல் வாரம் நான் நேர்மையாகத்தான் இருந்தேன். பத்துக்கு ஆறு அம்பு, ஐந்து அம்பு. அவள் முகம் சுருங்காது. அம்பு இருக்கும் இடத்தில் விரலை வைத்து, இது ஏன் என்று கேட்டு, கீழேயே திருத்தி எழுதுவாள். இரண்டாவது வாரத்தில் மூன்றாயிற்று. அப்படியே விட்டிருந்தால் மாதக் கடைசிக்குள் அவள் தானாகவே சரியாக எழுதியிருப்பாள் என்று இப்போதும் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் ஒருநாள் மழை விட்ட சாயங்காலம், தெருமுனை மசாலா பூரி வண்டியில் பட்டாணி கொதிக்கிற வாசனை ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தபோது, ஒரு காலர் தாளில் இரண்டே இரண்டு தப்பு இருந்தது. அம்பை உரித்து விரல் நுனியில் வைத்திருந்தேன். அக்கா அந்தப் பக்கம் திரும்பி அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையைக் கட்டிலுக்கு அடியில் விட்டு, பலகையின் உள்பக்கத்தில் இரண்டு அம்பையும் ஒட்டிவிட்டு, "பாஸ்" என்றேன்.

அக்கா ஈரக் கையோடு ஓடிவந்து தாளைப் பார்த்தாள். மேலிருந்து கீழ்வரை விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு என்னைத் தூக்கிச் சுற்றினாள். அன்றைக்கு வண்டிக்காரர் "கார ஜாஸ்தியா?" என்று கன்னடத்தில் கேட்டதும் அக்கா கன்னடத்திலேயே, எங்க பாப்பாவுக்கு ஓமப்பொடி நிறையப் போடுங்கள் என்று சொன்னதும் இன்னும் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு எனக்குக் கூச்சம் விட்டுப்போயிற்று. அக்காவுக்கும் தைரியம் கூடியது, சின்னச் சின்ன வாக்கியங்களை விட்டுவிட்டு நீளமாக எழுத ஆரம்பித்தாள், தப்புகளும் பழையபடி கூடின. நான் கட்டிலுக்கு அடியில் ஒட்டிக்கொண்டே போனேன்.

நர்சிங் ஹோமுக்குப் போன அன்று லீவு போட்டுவிட்டு, பச்சைச் சுடிதார் அணிந்து, என் பள்ளிக்கூட ஃபைலை இரவல் வாங்கிக்கொண்டு கிளம்பினாள். ஃபைலுக்குள் என்ன வைத்திருந்தாள் என்று நான் பார்க்கவில்லை. சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது அவள் சுடிதாரை மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். "கெடைக்கலம்மா" என்று அம்மாவிடம் ஒரே வார்த்தையில் சொல்லியிருந்தாள் போலும், அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வா பாப்பா, மசாலா பூரி சாப்பிடலாம்" என்றாள்.

ஒரு தட்டுதான் வாங்கினாள். நான் சாப்பிடச் சாப்பிட, கையை ஃபைலின் மேல் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"மேடம் நல்லவங்கதான். என்னென்னமோ கேட்டாங்க, எழுதச் சொன்னாங்க. எழுதுனது சரியில்லன்னு சொன்னப்போ, நான் நம்ம பாஸ் பேப்பர் எல்லாத்தையும் எடுத்துக் காட்டுனேன். ஒரு அம்புகூட இல்ல பாருங்க மேடம், என் தங்கச்சி இங்கிலீஷ் மீடியத்துல படிக்குது, அதுதான் செக் பண்ணுச்சுன்னேன். அவங்க பேனா எடுத்து ஒரு காலர் பேப்பர்ல மட்டும் நாலு எடத்துல வட்டம் போட்டாங்க. திட்டல. நல்லா ட்ரை பண்ணும்மான்னு குடுத்துட்டாங்க."

என் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "உனக்குத் தெரிலயா பாப்பா, இல்ல தெரிஞ்சே வுட்டுட்டியா?"

வாயில் பூரி இருந்தது. "தெரில" என்றேன்.

"பரவால்ல. சின்னப் புள்ள நீ. உன்னப் போயி செக்கிங்ல உக்கார வெச்சேன் பாரு" என்று என் தலையைத் தடவினாள். அந்தக் கை பட்ட இடம் எரிந்தது. இருந்தும் தட்டை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன் என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம்.

தை மாதம் கல்யாணம். வருகிற சொந்தக்காரர்கள் படுக்க இடம் வேண்டும் என்று முதல் நாள் கட்டிலை வெளியே எடுக்க, அக்காவும் நானும் அதை ஒருக்களித்துச் சாய்த்தோம். பலகையின் உள்பக்கம் முழுக்கச் சிவப்பு அம்புகள், ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக. நான் அந்த இடத்திலேயே செத்துப்போனேன். அக்கா மருதாணி வைத்த கையோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு அம்பாக நகத்தால் சுரண்டி எடுக்க ஆரம்பித்தாள். எல்லாவற்றையும் எடுத்து முடித்து, உருட்டிச் சாக்கடையில் போட்டுவிட்டு, "அம்மா பாத்தா இன்னா ஏதுன்னு கேக்கும்" என்றாள். அவ்வளவுதான்.

ஆனேக்கல்லில் அத்தான் நல்ல மனிதர்தான். ஆனால் அங்கேயும் பக்கத்தில் கார்மென்ட்ஸ் இருந்தது, அங்கேயும் செக்கிங் இருந்தது. அக்கா இன்னொரு இருபது வருடம் நின்றாள். அந்த வேலை கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது யாருக்குத் தெரியும். பதினொரு வயதுப் பிள்ளை செய்ததைப் போய்ப் பிடித்துக்கொண்டிருக்கிறாயே என்று என் கணவர் கேட்கிறார். அவருக்கு அக்காவின் கால்களில் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருக்கும் நரம்புகள் தெரியும், அவற்றை அந்த அம்புகளோடு சேர்த்துப் பார்க்கத் தெரியாது.

நான் இப்போது வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் மற்றவர்கள் எழுதும் இங்கிலீஷைத் திருத்துகிறேன். எந்த எழுவாய்க்கு எந்த வினை என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். மர்ஃபி டவுன் வீடு இருந்த இடத்தில் மூன்று மாடிக் கட்டடம் நிற்கிறது. மசாலா பூரி வண்டி நின்ற முனையில் செல்போன் கடை. காலர் தாள்களை அக்கா என்ன செய்தாள் என்று நான் கேட்டதில்லை. அவள் அதற்குப் பிறகு எனக்கு ஒரு வரி இங்கிலீஷ்கூட எழுதிக் காட்டியதில்லை. வாட்ஸப்பில்கூடக் குரல் பதிவுதான்.

போன மாதம் அவள் மகளைக் கல்லூரியில் சேர்க்க, விண்ணப்பத்தோடு கூட தாய் கையெழுத்துப் போட்ட ஒரு இங்கிலீஷ் கடிதமும் கொடுக்க வேண்டி வந்தது. ஆனேக்கல் போயிருந்தேன். அக்கா தாளையும் பேனாவையும் என் முன்னால் வைத்து, "நீயே எழுதிடு பாப்பா, உனக்குத்தான் கரெக்டா வரும்" என்றாள். குத்திக்காட்டும் குரல் இல்லை. தேடிப் பார்த்தேன், துளியும் இல்லை. எழுதினேன். நாலு வரிக் கடிதத்தை நாலு முறை சரிபார்த்துவிட்டு, படித்துப் பார் அக்கா என்று நீட்டினேன்.

இருபது வருடத்துக்கு மேல் எந்தத் துணியையும் திருப்பிப் பார்க்காமல் கீழே வைத்தறியாதவள், "நீ பாத்தாப் போதாதா" என்று சொல்லி, அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டாள்.