நாற்காலி வரிசைப்படி ஒரு வகுப்பு

மூன்று வருடங்களுக்கு முன்பு, மலேசியாவில் ஈப்போ நகரில் ஒரு சனிக்கிழமை மதியம் நடந்தது இது. நான் கரூர்க்காரன். ஊரில் எட்டு வருடம் பள்ளியில் ஆங்கிலம் நடத்திவிட்டு, ஈப்போவில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் கற்றுத்தரும் ஒரு தனியார் மையத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கீழே காப்பிக் கடை, மேலே எங்கள் வகுப்பறைகள்.

அங்கே இரண்டு வருடம் ஒழுங்காக வேலை பார்த்தவர்கள் மூத்த ஆசிரியர் பதவிக்கு விண்ணப்பிக்கலாம். கோலாலம்பூரிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்து, பின்னால் உட்கார்ந்து, ஒரு வகுப்பை முழுதாகப் பார்ப்பார். அவர் சரி என்றால் பதவி. அந்தப் பதவி இருந்தால்தான் குடும்பத்தை அழைத்துக்கொள்ள மையம் ஏற்பாடு செய்யும். என் மனைவியும் ஐந்து வயது மகளும் கரூரில் இருந்தார்கள். வீடியோவில் என் முகம் தெரிந்தாலே மகள் போனை அம்மா கையில் கொடுத்துவிட்டு விளையாடப் போய்விடுவாள். அதனால் எனக்கு அந்தப் பதவி எப்படியாவது வேண்டும் என்று இருந்தது.

அந்த 'எப்படியாவது'தான் என்னைக் கெடுத்தது. எங்கள் ஊர்ப் பள்ளியில் இன்ஸ்பெக்‌ஷன் என்றால் ஒரு வாரம் முன்பே ஒத்திகை தொடங்கிவிடும். எந்தக் கேள்விக்கு யார் எழுந்து என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் முடிவாகியிருக்கும். மாணவனாகவும் அதைச் செய்திருக்கிறேன், ஆசிரியனாகவும் செய்திருக்கிறேன். அந்த வித்தையை அப்படியே ஈப்போவிலும் இறக்கினேன். 'சென்ற வார இறுதியில் என்ன செய்தீர்கள்' என்பது பாடம். வகுப்பில் பன்னிரண்டு பேர். நாற்காலிக்கு ஒரு கேள்வி, அதற்குப் பிழையில்லாத ஒரு பதில். எல்லாம் நானே எழுதியது.

யாரும் மறுக்கவில்லை. பாகான் டத்தோவிலிருந்து தேங்காய் ஏற்றிவரும் அண்ணன் ஒருவர் எனக்குத் தைரியம் சொன்னார். "கவலப்படாதீங்க சார். லோரி ஓட்டிக்கிட்டே மனப்பாடம் பண்ணிருவேன் லா."

ஒரு அக்கா மட்டும் தன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான், அதுவும் சேர்க்கைப் படிவத்தில் பார்த்தது.

"சார், நான் போன வாரம் பீச்சுக்குப் போகலியே. வேலைக்கில்ல போனேன்?"

"அதனால என்னக்கா, சும்மா சொல்லுங்க" என்றேன்.

அந்தச் சனிக்கிழமை பயிற்சியாளர் வந்தார். முக்காடு அணிந்த மலாய்க்காரப் பெண்மணி, மெல்லிய குரல். கடைசி வரிசையில் உட்கார்ந்து குறிப்பேட்டைத் திறந்தார். அதற்குள் எங்கள் ஏர்கான் தன் வேலையைக் காட்டிவிட்டது. முன்வரிசையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். முன்னால் இருந்தவர்கள் எழுந்து பின்னால் போக, பின்னால் இருந்தவர்கள் நகர, ஐந்து நிமிடத்தில் வகுப்பே இடம் மாறி உட்கார்ந்துவிட்டது. எனக்கு அது கண்ணில் பட்டது, மண்டையில் ஏறவில்லை. கையில் நாற்காலி வரிசைப்படி எழுதிய பட்டியல். பதற்றத்தில் நான் ஆளைப் பார்த்துக் கேட்கவில்லை, தாளைப் பார்த்துக் கேட்டேன்.

"உங்கள் தங்கை கல்யாணத்தில் யார் சமைத்தார்கள்?"

அந்த நாற்காலியில் இப்போது இருந்தவர் லோரி அண்ணன். எழுந்து நின்று, தான் மனப்பாடம் செய்திருந்த பதிலை மூச்சு விடாமல், அழகான ஆங்கிலத்தில் ஒப்பித்தார். "நாங்கள் ரயிலில் பினாங்கு போனோம். என் மாமனார் பெரிய தொப்பி போட்டிருந்தார்."

வகுப்பு குபீரென்று சிரித்தது. அவரும் சிரித்தார். நான் அசடு வழிய அடுத்த கேள்விக்குத் தாவினேன். அதற்கும் வேறொருவரின் பதில் வந்தது. பயிற்சியாளர் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டே இருந்தார். கையும் களவுமாகப் பிடிபட்டது எனக்குப் புரிந்துவிட்டது. மகள் முகம்தான் கண்முன் வந்தது.

அப்போது அந்த அக்கா கை தூக்கினார். என்னிடம் தமிழில் சொன்னார்.

"சார், மனப்பாடம் பண்ணுனது போதும். என் கதைய நானே சொல்றேன். தப்பா வந்தா நீங்க திருத்துங்க."

நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்ய?

அவர் தன் ஆங்கிலத்தில் தொடங்கினார். காலமும் வினையும் எங்கெங்கோ போயின. போன ஞாயிறு இல்லத்தில் ஒரு சீனப் பாட்டி மூன்றாவது நாளாகச் சாப்பிடவில்லை. கஞ்சி இறங்கவில்லை. காப்பியில் பிஸ்கட்டை நனைத்துக் கொடுத்தால் மட்டும் கொஞ்சம் இறங்கியது. ஆஸ்திரேலியாவிலிருந்து பாட்டியின் மகள் போன் செய்தாள். மலாய் மறந்துபோன மகள், ஆங்கிலம் மட்டும்தான். அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். "நான் ஓகே, ஓகே சொன்னேன்" என்றார் அக்கா. "ஓகே இல்லை. எனக்குத் தெரியும். சொல்ல ஆங்கிலம் இல்லை."

நடுவில் ஓரிடத்தில் பழக்கதோஷத்தில் நான் திருத்த வாய் திறந்தேன். "முடிச்சுக்கிறேன் சார்" என்று கையமர்த்திவிட்டார்.

அதன் பிறகு வகுப்பை நான் நடத்தவில்லை, அதுவே நடந்தது. லோரி அண்ணன் தட்டுத்தடுமாறி ஒரு கேள்வி கேட்டார். இன்னொருவர், அந்த மகளிடம் என்ன சொல்லியிருக்கலாம் என்றார். நான் பலகையில் எழுதத் தொடங்கினேன். கஞ்சி விழுங்க மாட்டேன் என்கிறார். காப்பியில் நனைத்தால் சாப்பிடுகிறார். நீங்கள் ஒருமுறை அவரோடு பேசுங்கள். எல்லோரும் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார்கள். அக்கா கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார்.

வகுப்பு முடிந்ததும் பயிற்சியாளர் என்னை அலுவலக அறைக்கு அழைத்தார். மண்டகப்படிக்குத் தயாராகப் போனேன். அவர் இரண்டே கேள்விதான் கேட்டார். அந்த அம்மா எத்தனை மாதமாக உங்களிடம் படிக்கிறார்? ஏழு மாதம் என்றேன். இந்தப் போன் விஷயம் உங்களுக்கு முன்பே தெரியுமா? தெரியாது என்றேன். இரண்டையும் எழுதிக்கொண்டார். இந்த முறை பதவிக்குப் பரிந்துரைக்க முடியாது, ஆறு மாதம் கழித்துத் திரும்ப வருகிறேன் என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. உண்மையில் அது அவர் மேல் இல்லை என்று தெரிய அன்று மாலை ஆகிவிட்டது.

கீழே காப்பிக் கடையில் அக்காவும் லோரி அண்ணனும் காத்திருந்தார்கள்.

"எங்களால உங்களுக்குக் கெட்ட பேரா சார்?" என்றார் அண்ணன்.

"இல்லண்ணே, என்னாலதான்" என்றேன்.

"உக்காருங்க சார், மொதல்ல பசியாறுங்க" என்று அக்கா எனக்கு ஒரு ரொட்டிச் சானாய்க்குச் சொன்னார். அந்த ஒரு மணி நேரத்தில்தான் லோரி அண்ணன் எதற்கு ஆங்கிலம் படிக்கிறார் என்பதும் எனக்குத் தெரிந்தது. மீதிப் பத்துப் பேரையும் அடுத்த வாரம் ஒவ்வொருவராகக் கேட்டேன். மனைவியிடம் ஆறு மாதம் தள்ளிப்போகிறது என்று சொன்ன அந்த இரவு தூக்கம் வரவில்லை. அதையும் சொல்லியாக வேண்டும்.

ஆறு மாதம் கழித்துப் பயிற்சியாளர் சொன்னபடி வந்தார். ஒத்திகை இல்லை. ஆனால் யார் இருக்கும் தைரியத்தில் ஒத்திகையை விட்டேனோ, அந்த அக்காவின் நாற்காலி காலியாக இருந்தது. வகுப்பு தொடங்கும் முன் அவரிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. "சார், மன்னிச்சிருங்க, இன்னிக்கு வர முடியல. அந்த ஆஸ்திரேலியா மக நேர்லயே வந்திருக்காங்க. நீங்க ஒண்ணும் எழுதித் தர வேணாம். நானே பேசிக்கிறேன்."

அன்று பதவி கிடைத்தது. குடும்பமும் வந்து சேர்ந்தது, மகள் இப்போது ஈப்போ வெயிலைக் குறை சொல்கிறாள். புதிதாக வரும் ஆசிரியர்கள், வகுப்புப் பார்வையில் எப்படித் தேறுவது என்று என்னிடம் கேட்கிறார்கள். ஒவ்வொருவரும் எதற்கு ஆங்கிலம் படிக்க வந்தார் என்று முதலில் கேளுங்கள் என்கிறேன். அந்தக் குரல்பதிவை அழிக்காமல் வைத்திருக்கிறேன். 'நானே பேசிக்கிறேன்' என்று ஒருவர் சொல்லக் கேட்பதற்குத்தான் நான் கரூரிலிருந்து இவ்வளவு தூரம் வந்தேன் என்று, அதைப் போட்டுக் கேட்கும்போதெல்லாம் தோன்றுகிறது.