இறக்கத்தில் எரிந்த சிப்

சக்கர நாற்காலிகளின் மோட்டாரை இயக்கும் மின்சுற்றுப் போர்டுகளைப் பழுதுபார்ப்பதே அவள் தொழில். பட்டறையில் எல்லோருக்கும் அவள் போர்டக்கா. கால்கள் செயலிழந்த தன் அண்ணனுக்கு அவளே ஒரு மோட்டார் நாற்காலி செய்து கொடுத்தாள். யாரும் தள்ளாமல் தானே கடைத்தெருவுக்குப் போய், கடிகாரக் கடை நண்பரைப் பார்த்துவர வேண்டும் என்பது ஒன்றே அவர் கேட்டது.

மோட்டாரின் வேகத்தை அவள் பி.டபிள்யூ.எம். முறையில் அமைத்தாள்; அதாவது, ஒரு சிப் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை விட்டுவிட்டுச் செலுத்தும். அதிலும் வழிகள் பல. அண்ணனின் முதுகு குலுங்கக் கூடாதென்று, மின்சாரத்தை முன்னும் பின்னுமாக மாறி மாறித் திருப்பும் வழியைத் தேர்ந்தாள். நாற்காலி குலுக்கமின்றி வழுக்கிக்கொண்டு போனது.

ஒன்பதாம் நாள் காலை, வாசல் சரிவில் இறங்கும்போது சிப் கருகியது. புதியதைப் பொருத்தினாள், அடுத்த வாரம் அதே சரிவில் அதுவும் போயிற்று. பக்கத்து வீட்டுக்காரர்தான் அண்ணனைத் தள்ளிக்கொண்டு வந்தார். மூன்றாவது சிப்பும் எரிந்தபோது அவள் பொறுமை இழந்தாள்.

"மேசைமேல ஏத்தி வச்சு மூணு மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன், ஒண்ணும் ஆகல. நீ உக்காந்தா மட்டும் எப்படிண்ணா போகுது?"

"நான் என்ன ரேஸா விடறேன்? ஆமை என்னை முந்திட்டுப் போகுதும்மா."

"போன வருஷச் சட்டை ஒண்ணாவது உனக்குப் பத்துதா? அந்த எடைய எந்தச் சிப்பு தாங்கும்?"

அவர் சிரித்தார். ஆனால் நான்காவது சிப்பைப் பொருத்திய பின் வெளியே கிளம்பவே இல்லை. வெயில் என்றார், வேலையில்லை என்றார். தெருவே பார்க்க வாசலில் மறுபடி சிக்கி நிற்க அவருக்குக் கூசியது என்பதை அவள் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. இரண்டு ஆண்டுகள் போயின. அண்ணனின் முதுகெலும்பு தளர்ந்தது; இனி அவர் உட்காரவே கூடாதென்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

நாற்காலியை வேறு யாருக்காவது கொடுக்கச் சொன்னார் அண்ணன். கொடுக்குமுன் சோதிக்க, ஒருநாள் காலையில் பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து, அவளே அமர்ந்து சரிவில் இறங்கினாள். பாதியில் சிப் எரிந்தது. அவள் எடை அண்ணனின் எடையில் பாதிகூட இல்லை.

வேறொரு சிப்பைப் பொருத்தி, மீட்டரை இணைத்து, மெதுவாகச் சிறிது தூரம் இறங்கிப் பார்த்தாள். இறக்கத்தில் மோட்டாரே மின்சாரம் உண்டாக்கிற்று. அவள் தேர்ந்த வழியில் அது பேட்டரிக்கே திரும்பியது. நிறைந்த பேட்டரி அதை ஏற்காததால் மின்னழுத்தம் எகிறிச் சிப்பை அடித்தது. பட்டறையிலோ அவள் எப்போதும் பாதி தீர்ந்த பேட்டரியோடு, சக்கரங்களை அந்தரத்தில் சுழலவிட்டே சோதித்தாள். மோட்டாரின் இரு முனைகளையும் இணைத்து, அம்மின்சாரத்தை மோட்டாருக்குள்ளேயே கரையவிடும் மற்றொரு வழிக்குச் சிப்பின் ப்ரோக்ராமை மாற்றினாள். ஆறுமுறை இறங்கினாள், சிப் தாங்கியது.

உள்ளே போய்க் கட்டிலருகே நின்றாள்.

"அண்ணா, உன்மேல தப்பே இல்ல. நான் போட்ட ப்ரோக்ராம்தான் தப்பு. இப்போ சரியாயிடுச்சு."

"சரிபண்ண எவ்வளவு நேரம் ஆச்சு?"

பொய் சொல்ல அவளுக்கு நா எழவில்லை. "அரை மணி நேரம்."

அவர் தலையசைத்தார். "கடைத்தெருவுல அந்தக் கடிகாரக் கடைக்காரர் எப்படி இருக்காரு?" என்று கேட்டார்.

"கடைய மூடிட்டு மகள் வீட்டுக்கே போயிட்டாருண்ணா. போன வருஷமே."

"நீ எங்கிட்ட சொல்லவே இல்லையே," என்றார் அண்ணன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.