ஆறவைத்த எஞ்சின்

தெருவில் எல்லாருக்கும் அவள் கேக் அக்கா. வீட்டுச் சமையலறையிலேயே கேக் செய்து விற்பவள். எந்தப் பொருளைப் பார்த்தாலும் அது எப்படி ஓடுகிறது, ஏன் நின்றுபோகிறது என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். மிக்ஸி பழுதானால் ரிப்பேர்காரர் பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்து கேள்வி கேட்டே அவர் பிராணனை வாங்கிவிடுவாள்.

ஒருநாள் மூன்றடுக்கு கேக் ஒன்று ஆட்டோ குலுக்கலில் சரிந்துவிட்டது. விழா நடக்கும் வீட்டு வாசலிலேயே கிரீமைப் பூசி எப்படியோ ஒப்பேற்றினாள். பழைய காராவது ஒன்று வாங்கியே தீருவது என்று அன்றைக்கே முடிவு செய்தாள்.

போட்டோ ஸ்டூடியோக்காரர் ஒருவர் தன் காரை விற்பதாகக் கேள்விப்பட்டு, ஒருநாள் காலை அவளும் கணவரும் போனார்கள். கணவர் தையல்காரர். சீட் உறையின் தையலைப் பார்த்ததுமே மயங்கிவிட்டார்.

"பிரமாதமான வேலைம்மா. பேசி முடிச்சிடலாமா?"

அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சூடாக இருந்தது. வண்டியோ நிழலில் நின்றிருந்தது.

"இப்பதான் எங்கேயாவது போயிட்டு வந்தீங்களா?"

"இல்லையே, நேத்துலேருந்து இங்கேயேதான் நிக்குது" என்றார் ஸ்டூடியோக்காரர்.

"அப்படியா? எஞ்சின் நல்லா ஆறட்டும். அப்புறம் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாம். நாங்க இருக்கோம்."

கணவருக்கு மானம் போயிற்று. அவளோ ஸ்டூடியோவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, அந்த வெள்ளைக் குடை விளக்கு எதற்கு, முகத்தில் நிழல் விழாமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று துளைத்தெடுத்தாள். கேட்கக் கேட்க ஸ்டூடியோக்காரரும் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போனார். கார் விஷயம் அவருக்கே மறந்துவிட்டது போலிருந்தது.

சாயங்காலம் பானெட் சில்லென்று ஆகியிருந்தது. கணவர் சாவியைத் திருப்பினார். எஞ்சின் இருமியது, திக்கியது, ஒருவழியாகப் பற்றிக்கொண்டது. சைலன்சரிலிருந்து நீலப் புகை குபுகுபுவென்று வந்தது.

உள்ளேயிருந்து ஸ்டூடியோக்காரரின் மனைவி வந்தார். "காலையில நீங்க வர்றதுக்கு முன்னாடி அரைமணி நேரம் ஓடவிட்டாரு. இதெல்லாம் வேண்டாம், உள்ளதைச் சொல்லிடுங்கன்னு நான் அப்பவே தலைபாடா அடிச்சிக்கிட்டேன்."

ஸ்டூடியோக்காரர் தலையைச் சொறிந்தார். "சூடாயிட்டா புகை வராதுங்க. அதான்..."

"வா, போகலாம்" என்று கணவர் பல்லைக் கடித்தார்.

"இருங்க. சூடானா ஏன் வரமாட்டேங்குதுன்னு தெரிய வேண்டாமா?"

கோபம் அவளுக்கும் இருந்தது. ஆனால் அதைவிட ஆர்வம் அதிகமாக இருந்தது. தெரிந்த மெக்கானிக்கைப் போனில் கூப்பிட்டாள். அவர் வந்து எஞ்சினைச் சோதித்தார்.

"வால்வு சீல்னு சின்ன ரப்பர் இருக்கும்மா. அது காஞ்சு இறுகிப்போச்சு. வண்டி நிக்கும்போது ஆயில் மெல்ல உள்ளே கசியுது. ஸ்டார்ட் பண்ணதும் அந்த ஆயில் எரியுது, அதுதான் புகை. எரிஞ்சு தீர்ந்ததும் புகையும் நின்னுடும். மத்தபடி எஞ்சின் திடமா இருக்கு."

அவள் ஸ்டூடியோக்காரர் பக்கம் திரும்பினாள். "ரப்பரை மாத்தி வையுங்க, வந்து பார்க்கிறோம். ஆனா நாங்க வர்றதுக்கு முன்னாடி சாவியைத் தொடக்கூடாது."

அவருக்கு வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "சத்தியமா தொடமாட்டேங்க."

அடுத்த வாரம் மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு போனார்கள். பானெட் குளிர்ந்திருந்தது. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. அவள் வண்டிக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள். புகை இல்லை. பிரேக், டயர், வண்டியின் ஆவணங்கள் என்று ஒன்றையும் விடாமல் பார்த்த பிறகுதான் சம்மதம் சொன்னாள்.

வீடு திரும்பும்போது அவள்தான் ஓட்டினாள். கணவர் பாட்டுப் போடக் கையை நீட்டினார். அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"சும்மா இருங்க. மூணாவது கியர்ல எப்படிச் சத்தம் வருதுன்னு கேட்டுக்கிட்டிருக்கேன்."